வீட்டின் மூன்றாம் மொழி

தமிழோடு தெலுங்கும் கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர் திருத்தணி. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், நெடிய போராட்டத்திற்குப் பின்னர் 1960-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தாய்மொழிக்காக மக்கள் எவ்வளவு பாடுபடுவர் என்பதை அறிந்த மண் இது.

இத்தகைய ஊரிலும் சில வீடுகளில் மூன்றாவது மொழி ஒன்று வழங்கும். காது கேளாத அன்னை ஒருவர் தம் பிள்ளைகளோடு பேசக் கைகளாலும் முகத்தாலும் அமைத்துக்கொண்ட மொழி அது. 'உப்புப் போதுமா', 'அப்பா வந்துவிட்டாரா', 'அழாதே' என யாவற்றுக்கும் அதில் சொல் உண்டு. எல்லை பிரித்தவர்கள் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. அன்னை மறைந்ததும் அம்மொழிக்கு வேலையில்லாமற் போகிறது.

பெற்றோரை மதிக்கப் பணிக்கும் நான்காம் கட்டளை, அவர்கள் இறந்தபின் நம்மிடம் கேட்பது என்ன? ஆண்டு நினைவுத் திருப்பலியும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் ஏற்றும் மெழுகுவர்த்தியும் நல்லவையே. ஆனால் செவித்திறன் அற்ற அன்னையைக் குறித்து, 'பாவம், ஒரு சொல்லும் கேளாமலே போய்விட்டார்' என்று இரக்கத்தோடு நின்றுவிடுகிறோம். அவர் எவ்வளவு பேசினார் என்பதை யார் சொல்வது?

இதே நிலையில் பிறந்த இரு மகன்களை நினைத்துப் பார்க்கிறேன். தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாய் எலைசாவுக்குக் காது பெரும்பாலும் கேளாது. சிறுவன் பெல் அவர் நெற்றியருகே வாய்வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான், விரலெழுத்துகளையும் கற்றிருந்தான். வளர்ந்தபின்னரோ, காது கேளாதோர் வாயால் பேசவும் உதடசைவைப் படிக்கவுமே பழகவேண்டும் என்று வாதிட்டார்.

மற்றவர் எட்வர்டு மைனர் காலடெட். அவருடைய அன்னை சோஃபியாவும் செவித்திறன் அற்றவர். 1857-இல் வாஷிங்டனில் மகன் பொறுப்பேற்ற காது கேளாதோர் பள்ளியில், பிள்ளைகளைப் பேணும் பணியை அவரே ஏற்றார். 1864-இல் அப்பள்ளி பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. 1877-இல் சோஃபியா காலமானார். மூன்றாண்டு கழித்து இத்தாலியின் மிலான் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, பள்ளிகளில் வாய்ப்பேச்சே போதும், சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. எதிர்த்த ஒருசிலருள் அம்மகனும் ஒருவர். இரண்டும் வேண்டும் என்பதே அவர் கட்சி. அது அன்று தோற்றது. 2010-இல் வான்கூவரில் கூடிய மாநாடுதான் அத்தீர்மானங்களை மறுத்தது. இடையில் 130 ஆண்டுகள்!

பெல் தம் தாயை நேசிக்கவில்லை என்பது அநியாயம். கேட்போர் உலகில் அத்தகையோர் தனித்து நிற்கலாகாது என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆயினும் அன்னையை உள்ளவாறே ஏற்றவர் காலடெட் என்றே எனக்குப் படுகிறது. அன்னையின் கைப்பேச்சை, அவரைக் கண்டிராத பிள்ளைகளுக்காகவும் காக்க முயன்றார்.

நம் பங்குகளிலும், பிறர் முகம் பார்த்தே எழுந்து, பிறர் முகம் பார்த்தே முழந்தாளிடும் ஒருவர் கடைசி வரிசையில் இருக்கக்கூடும். வீட்டுச் சைகையும் இந்தியச் சைகை மொழியும் ஒன்றல்ல. பின்னதைக் கற்பிக்கவென்றே 2015-இல் புதுதில்லியில் மைய அரசின் நிறுவனம் ஒன்று அமைந்தது. ஆனால் கண்ணைப் பார்த்துப் பொறுமையாகப் பேசும் பழக்கம், அன்னையிடம் பயின்ற மகனுக்கும் மகளுக்கும் ஏற்கெனவே கைவந்தது. திருப்பலிக்குச் சற்று முன்னதாக வந்து அவரருகே அமர்ந்து, அன்றைய வாசகத்தின் பொருளைக் கையாலும் எழுத்தாலும் சொல்லித்தர அவர்களால் இயலும்.