திரையும் கண்ணீரும்: ஓர் அறவியல் நோக்கு

கற்பனை மாந்தர் ஒருவரின் துயரத்தைத் திரையிலே கண்டு நாம் கண்ணீர் உகுக்கும்போது அக்கண்ணீர் யாருக்கு உரியது? திரையில் துன்புறுபவருக்கா, அன்றி அவரைச் சாட்டாகக் கொண்டு நமக்கு நாமே அழுதுகொள்கிறோமா? பின்னையதே உண்மையாயின், அவ்வழுகையில் அறத்தின்பாற்பட்டது ஏதேனும் உண்டா?

இவ்வினாக்களை என் உள்ளத்தில் எழுப்பியது ஹெந்தளையிலுள்ள எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் தொலைக்காட்சியில் ‘பாசமலர்’ காட்டப்பட்டது. ஏ. பீம்சிங் இயக்கி 1961ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணனும் தங்கையுமாக நடித்தனர் என்பதை வாசகர் அறிவர். அதனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார். “படத்துக்கா அழுறீங்கள், அம்மம்மா?” என்று நான் சற்று ஏளனமாகவே கேட்டேன். “படத்துக்கு ஆர் பிள்ளை அழுதது? நான் என்ரை அண்ணனுக்கெல்லோ அழுதனான்” என்றார். களனி கங்கைக்கு அப்பால், கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு படமாளிகைக்கு அவரை முதன்முதலில் பஸ்ஸிலே அழைத்துச் சென்று அப்படத்தைக் காட்டியவர் அவருடைய அண்ணனே. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

அம்மம்மாவின் மறுமொழியைப் பழைய கலைக்கோட்பாட்டின் முன் நிறுத்திப் பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டினை எட்டாக வகுத்தார். அவற்றை விளக்கப் புகுந்த உரையாளர்கள், புலியைக் கண்டு அஞ்சுகின்ற ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொண்டனர். அஞ்சுபவன் ஒருவன், அவனது நடுக்கத்தையும் வியர்வையையும் காண்பவன் வேறொருவன். காண்பவனுக்கு முன்னே புலி இல்லை. எனினும் அச்சத்தின் சுவை அவனையும் வந்தடைகிறது. காசுமீரத்து அபிநவகுப்தர் இக்கருத்தினை மேலும் கூர்மைப்படுத்தினார். சுவையை நுகர்வதற்குத் தடையாக அமைவனவற்றைத் தொகுத்தபோது, காண்பவன் தன் சொந்த இன்ப துன்பங்களில் மூழ்கிக்கிடத்தலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். அவர் நோக்கிலே, அண்ணனை நினைந்து அழுத அம்மம்மா நல்ல சுவைஞர் அல்லர்.

ஆயினும் நம் மக்களின் வழக்கு வேறொன்றைச் சொல்கிறது. செத்தவீட்டுக்குச் செல்லும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லும்போது, அங்கே கிடத்தப்பட்டிருப்பவருக்காக மட்டுமே அழுவதில்லை. சென்ற ஆண்டு இறந்த கணவனும், பாலகனாய் மாண்ட மகனும், பிரிந்து போன தாயும் அவ்வழுகையினுள்ளே வந்து சேர்கின்றனர். ‘இலியட்’ காவியத்தின் பத்தொன்பதாம் பகுதியில், பட்ரோகுளசின் உடலைச் சூழ்ந்து அழுத பெண்கள் வெளித்தோற்றத்தில் அவனுக்காகவும் உள்ளத்தில் தத்தம் துயருக்காகவும் அழுதனர் என ஹோமர் கூறுவார். இதனைப் பாசாங்கு என்று எவரும் இகழ்வதில்லை. பிறர் துயரம் நம் துயரத்துக்கு வாயில் திறந்துவிடுகிறது. நம் துயரம் பிறர் துயரத்தை விளங்கிக்கொள்ள மொழி தருகிறது.

திரைக்கு இவ்வகையில் நாடகத்துக்கு இல்லாத ஒரு தனித்தன்மை உண்டு. மேடையில் நடிப்பவர் நம்மோடு சேர்ந்து மூப்படைகிறார். நாளைய நடிப்பு இன்றையதைப் போன்று இராது. திரையிலோ சாவித்திரி என்றும் அதே வயதினர். அதே கணத்தில் அதே வகையில் தலை திருப்புகிறார். மாறியிருப்பவர் நாமே. ஆகையால் ஒரு பழைய படத்தை மீண்டும் பார்ப்பவர், அதனை முன்னர் பார்த்த தம்மையும் கூடவே காண்கிறார். அன்று பக்கத்து இருக்கையில் இருந்தவரையும் காண்கிறார். அந்த இருக்கை இன்று வெறுமையாயிருத்தலே கண்ணீருக்குக் காரணமாகிறது. 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரூபவாஹினியும் இந்நாட்டில் ஒளிபரப்பினைத் தொடங்கியபின், படமாளிகையின் இருளில் பலரோடு சேர்ந்து அழுத அழுகை வீட்டின் கூடத்துக்குள் வந்தது. நினைவு கிளர்தல் எளிதாயிற்று. அதனைப் பிறரோடு பகிர்தல் அரிதாயிற்று.

இதுவரை கூறியவற்றால் கண்ணீர் நல்லதே என்னும் முடிவுக்கு வந்துவிடலாகாது. பெரே நகரத்துக் கொடுங்கோலன் அலெக்சாந்தர் யூரிப்பிடீசின் ‘திரோயப் பெண்கள்’ நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் இடையிலே எழுந்து சென்றான் எனப் புளூட்டார்க் எழுதியுள்ளார். எத்தனையோ பேரை இரக்கமின்றிக் கொன்ற தான், எக்குபாவின் துயருக்கும் அந்திரோமாக்கியின் துயருக்கும் கண்ணீர் விடுவதைக் குடிமக்கள் கண்டுவிடலாகாது என அவன் நாணினான். நாடகத்துக்கு அழுபவன் நல்லவனாகிவிடுவதில்லை என்பதற்கு இவனே சான்று. அரங்கில் அழுவதால் நமக்குச் செலவில்லை. அழுது முடித்ததும் நமது கடமையைச் செய்துவிட்டதாக ஒரு நிறைவு உண்டாகிறது. அந்நிறைவே ஆபத்தானது.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி ஹெந்தளை மக்கள் கிரேக்கம் வரை செல்லவேண்டியதில்லை. இவ்வூரிலேதான் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ இருந்தது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கி 1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சந்தேசய’ முதலான சிங்களப் படங்களைத் தயாரித்த தமிழர் அவர். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்போது அக்கலையகம் எரிக்கப்பட்டது. அங்கு வைக்கப்பட்டிருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. அவை பெரும்பாலும் சிங்களப் படங்களின் மூலப்பிரதிகள். தமிழன் ஒருவனின் உடைமை என்று எண்ணித் தீயிட்டோர், தம் தாயரும் தமக்கையரும் கண்ணீர் சிந்திய காட்சிகளையே எரித்தனர். அவர்களுள்ளும் சிலர் ஏதோவொரு படமாளிகையின் இருளில் முன்னொருநாள் அழுதிருக்கமாட்டார்கள் என்று யாரால் சொல்லமுடியும்? அந்த அழுகை அவர்களது கையைத் தடுக்கவில்லை.

அவ்வாறாயின் திரை கிளர்த்தும் உணர்ச்சி அறத்துக்கு முற்றிலும் பயனற்றதா? அம்மம்மாவின் கதையில் நான் சொல்லாது விட்ட ஒரு பகுதி உண்டு. அன்று அவர் தனியே படம் பார்க்கவில்லை. அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டியும் எங்கள் கூடத்தில் அமர்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனினும் அவரும் அழுதார். படம் முடிந்து நான் தேநீர் கொண்டுவந்தபோது, தாம் யாருக்காக அழுதார் என்பதை அம்மம்மா அவருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். பின்பு, “நீங்கள் ஆருக்கு அழுதனீங்கள்?” என்னும் பொருள்பட வினவினார். மூதாட்டி சிறிதுநேரம் பேசாதிருந்தார். 1989ஆம் ஆண்டில் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராத தம் மகனைப் பற்றி அதன்பின் சொன்னார். அவருக்கு அப்படியொரு மகன் இருந்ததை அம்மம்மா அறிந்தேயிருந்தார். ஆனால் வேலிக்கு இருபுறமும் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருந்தும், அவனைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அறம் தொடங்கும் இடம் அந்த வினாவே என எனக்குத் தோன்றுகிறது. சொந்த நினைவு ஒரு வாயில். அதனூடே செல்லாமல் வாயிற்படியிலேயே நின்றுவிடுவோமாயின், அபிநவகுப்தர் சொன்னவாறு அது தடையாகவே அமையும். என் அண்ணனை நினைந்து அழுத நான், பக்கத்தில் இருப்பவருக்கும் ஓர் இழப்பு இருக்கக்கூடும் என்று உணர்ந்து திரும்பிப் பார்ப்பேனாயின், அக்கண்ணீர் வீண்போகவில்லை. பெரே நகரத்துக் கொடுங்கோலன் எழுந்து ஓடினான். தன் குடிமக்களுள் யாருடைய முகத்தையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீரின் தரத்தை அளக்கும் கோல், அது எவ்வளவு பெருகிற்று என்பதில் இல்லை. அது வற்றிய பின் நாம் யாரிடம் என்ன கேட்டோம் என்பதில் இருக்கிறது.

அந்த மூதாட்டி அதன் பின்னரும் படம் பார்க்க வந்தார். பல நாள்களில் தொலைக்காட்சி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவ்விருவரும் அதனைப் பாராமல் தம் அண்ணனையும் மகனையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.