புளிப்புக்கும் ஒரு வேலை உண்டு

நீலகிரியில் எமரால்டின் மலைச்சரிவில் மண்ணே புளிப்பு. தேயிலைக்கு அது ஒத்துக்கொள்ளும். கேரட்டும் கோஸும் போடுகிறவர்கள் சுண்ணாம்பு தூவித் தணித்துக்கொள்வார்கள். அதே சரிவில் கட்டியிருக்கும் ஜெர்சி கலப்பின மாட்டின் சிறுநீரில் pH சோதனைக் காகிதத்தை நனைத்தால் 8-ஐ ஒட்டிக் காட்டும். காரம். பச்சை தின்னும் உயிருக்கு அதுதான் இயல்பு. தழையில் பொட்டாசியம் அதிகம். அது உடலில் காரமாக முடிகிறது. அறுவடை கழித்துத் தொட்டிக்கு வரும் கோஸ் தழையும் அப்படியே.

இரத்தம் மட்டும் 7.4-ஐ விட்டு அதிகம் நகராது. நுரையீரல் கரியமில வாயுவை ஊதித் தள்ளுகிறது. மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது, ஹார்மோன்களின் சொற்படி. ஆல்டோஸ்டீரோன் பொட்டாசியத்தோடு அமிலத்தையும் சிறுநீரில் இறக்கிவிடும். பாராதைராய்டு ஹார்மோன் பைகார்பனேட்டை வெளியே விட்டு இரத்தத்தைச் சற்றே புளிப்புப் பக்கம் சாய்க்கும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. என்னை யோசிக்க வைப்பது, சொல் போய்ச் சேருமிடத்தில் அது கேட்கிறதா என்பதுதான்.

கன்று ஈன்றதும் கறக்கும் பத்து லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் போய்விடுகிறது. மாட்டின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் இருப்பதோ சுமார் 3 கிராம். எலும்பிலிருந்து கால்சியத்தை விடச் சொல்லிப் பாராதைராய்டு உடனே அலறத் தொடங்கும். எலும்பில் கால்சியம் கிலோக்கணக்கில் கிடக்கிறது. ஆனாலும் சில மாடுகள், அதிலும் மூன்று நாலு ஈற்று கண்டவை, எழ முடியாமல் தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். காது சில்லென்றிருக்கும். பால் காய்ச்சல். டாக்டர் வந்து கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் எழுந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அது மாயம்தான்.

அணை நிரம்பியிருக்கிறது, திறக்கச் சொல்லி உத்தரவும் வந்தாயிற்று, மதகு அசையவில்லை. காரப்பக்கம் சாய்ந்த இரத்தத்தில் எலும்பும் சிறுநீரகமும் பாராதைராய்டு ஹார்மோனுக்கு மந்தமாகவே இணங்குகின்றன. இதன் நுனி முதலில் அகப்பட்டது நார்வேயில். அமிலம் ஊற்றிப் பதப்படுத்திய புல்லைத் தின்ற மாடுகளுக்குப் பால் காய்ச்சல் குறைவாக வருவதை எண்டர், டிஷிங்டன் என்ற ஆய்வாளர்கள் 1960களில் கவனித்தார்கள். புளிப்புத் தீவனம் தின்ற மாட்டின் எலும்பு அந்தப் புளிப்பைத் தணிக்க முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து கொடுத்துப் பழகியிருந்தது.

காரம் நல்லது, புளிப்பு கெட்டது என்று பாட்டில் தண்ணீர் விற்பவர்கள் சொல்வதைக் காசு கொடுத்து நம்புகிற காலம் இது. வயிறு நிறையத் தழையோடு, நோய்நொடி தெரியாமல் நிற்கும் சினைமாட்டைச் சோதித்தால் இரத்தத்தின் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். உள்ளுக்குள் எலும்பு செவிடாகிக்கொண்டிருக்கும். அசையாதிருப்பதைச் சமநிலை என்று எண்ணிவிட்டோம். யாரும் எதுவும் கேட்காத நாட்களில் எந்த உடலும் சமநிலையில்தான் இருக்கிறது. கேட்டவுடன் கொடுக்க முடிகிறதா என்பதே அதன் அளவு. அந்தத் திறமோ, அவ்வப்போது சிறிது நெருக்கப்பட்ட உடலுக்கே வாய்க்கிறது.

அதனால்தான் ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் பொட்டாசியம் மிகுந்த தழையைக் குறைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் அம்மோனியம் குளோரைடு போன்ற உப்பை அடர்தீவனத்தில் கலக்கிறார்கள். மாட்டுக்கு அந்த ருசி பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிறுநீரில் நனைத்த காகிதத்தில் 6.5 வாக்கில் வந்தால் போதும். அதற்கும் கீழே நெடுக இறங்கினால் தீனியே எடுக்காது. கன்று விழுந்ததும் உப்பை நிறுத்திவிட வேண்டும்.