கழுத்துச் சதையும் அல்லாஹ்வின் படைப்பும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

இந்த வாரம் இரண்டு பேர் ஒரே மஸ்அலாவைக் கேட்டு வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயது. மகள் நிக்காஹ்வுக்கு முன் தாடைக்குக் கீழே தொங்கும் சதையை அறுத்து இறுக்கிக் கொள்ளலாமா என்றார். மற்றவர் மேலூர்ப் பக்கத்து அத்தா. மகளுக்குச் சிறுவயதில் ஸ்டவ் வெடித்துக் கழுத்து வெந்துவிட்டது. தழும்பு இறுகி, நாடியை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. பிள்ளையால் நிமிர்ந்து பார்க்க முடியாது. ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னபோது, அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஹராம் என்று பள்ளிவாசலில் யாரோ சொன்னார்களாம். அதோடு ஏழு வருஷம் போய்விட்டது.

அந்த 'யாரோ' நானாகவும் இருந்திருக்கலாம். இதே மிம்பரில் ஒரே வரியில் அப்படிச் சொல்லிவிட்டு இறங்கியவன்தான் நான்.

படைப்பை மாற்றத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டதை ஸூரத்துன் நிஸாவின் 119ஆவது வசனம் சொல்கிறது. பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதில் 'அழகுக்காக' என்று இருப்பதை நாம் விட்டுவிட்டுப் படிக்கிறோம். அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபி, குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்கு வைத்தார், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆணுக்குத் தங்கம் ஹராம் என்றிருக்கும்போதே இந்த அனுமதி! மூக்குப் போனவனின் வேதனை மதுரைக்குப் புதிதல்ல. திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மூக்கறுத்த போர் நடந்த மண் இது.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் அழகுக்கல்ல, மருத்துவம். தாராளமாகச் செய்யலாம். செய்ய வேண்டும்.

ஐம்பத்தைந்து வயது சகோதரருக்கு வருகிறேன். எல்லா நோய்க்கும் மருந்துண்டு, முதுமையைத் தவிர என்பது அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து. வயதின் சுருக்கத்தை அறுத்து நீக்குவது கூடாது என்றே 2007இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் முடிவு செய்தது. என் பதிலும் அதுதான்.

ஆனால் என்ன நடக்கும் என்று தெரியாமலே கேட்கிறார்கள். காதின் பின்னாலும் நாடியின் கீழும் கீறி, தளர்ந்த தசையைத் தைத்து இறுக்கி, மிச்சத் தோலை வெட்டுவார்கள். வீக்கமும் கன்றலும் அடங்க இரண்டு வாரம் போல ஆகும். மரத்துப்போனது மாறப் பல மாதங்கள்கூட ஆகலாம். முதல் நாளிலேயே உள்ளே இரத்தம் கட்டினால் உடனே மறுபடி திறக்க வேண்டும். புகைப்பவருக்குத் தோல் அழுகும் ஆபத்து அதிகம். அதன்பின்னும் வயது நிற்பதில்லை, சதை மறுபடி தளரும். இதைத் தவணையில் செய்து வட்டி கட்டுவது ஹராமின் மேல் இன்னொரு ஹராம்.

மருத்துவத்துக்காகக் கழுத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் தொழுகையை விட்டுவிடாதீர்கள். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னால் ருகூஃவையும் ஸஜ்தாவையும் சைகையால் செய்யுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழி சொன்னார்கள். உளூவில் கழுத்தைக் கழுவுவது ஃபர்ழு அல்ல, கட்டை நனைக்க வேண்டாம். குளிப்புக் கடமையானால் கட்டின் மேல் மஸஹ் செய்வதா, தயம்முமா என்பதை உங்கள் மத்ஹப் ஆலிமிடம் கேளுங்கள்.

மேலூர் அத்தாவுக்கு இன்னும் தயக்கம் தீரவில்லை. தோல் ஒட்டிய பிறகு பல மாதம் கழுத்துப்பட்டை போட்டுப் பயிற்சி செய்ய வேண்டும், விட்டால் மறுபடி இறுகிவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். உண்மைதான், பயிற்சி அவசியம். திங்கட்கிழமை காலை அவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு நானே போகிறேன். வீட்டில் ஆட்டோ வைத்திருப்பவர் யாராவது இருந்தால் தொழுகை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.