கைவேலையின் பெருமை யாருக்கு?

ஒரு பொருளைக் 'கையால் செய்தது' என்று சொன்ன மாத்திரத்தில் உலகம் அதற்குத் தனி மதிப்புக் கொடுக்கிறது. அம்மதிப்பு பொருளுக்கா, அதைச் செய்த கைக்கா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

திபெத்தியக் கம்பளத்தை உதாரணமாகக் கொள்வோம். செம்மறியாட்டு ரோமத்தைக் கழுவி, தூசும் முள்ளும் நீக்கி, கம்பிப் பற்கள் வைத்த பலகைகளால் சிக்கெடுத்து, நூற்று, சாயம் தோய்ப்பார்கள். கையால் நூற்ற நூலில் சாயம் ஒரே சீராக ஏறாது. அந்த ஏற்றக்குறைவே அழகு என்று வாங்குவோர் போற்றுகின்றனர். பின்பு தறியில் ஒரு கோலை வைத்து, நூலைப் பாவிலும் கோலிலும் மாறிமாறிச் சுற்றி, கோலின்மேல் கத்தியால் அறுப்பார்கள். சதுர அங்குலத்துக்கு 60 முடிச்சு என்று கொண்டாலும், மூன்றடி அகலமும் ஆறடி நீளமுமுள்ள கம்பளத்தில் 1,55,520 முடிச்சுகள் ஆகின்றன.

1959-க்குப் பின் அகதிகளாக வெளியேறிய திபெத்தியர் பலர், டார்ஜிலிங்கிலும் நேபாளத்து ஜாவலாகேலிலும் இத்தொழிலைக் கொண்டே பிழைத்தனர். "வாங்கினவன் விலை கொடுத்தான், தொழிலாளி பிழைத்தான், இன்னும் கேட்க என்ன உண்டு?" என்பார் சிலர். உண்டு. நேபாளத்தில் கம்பள ஏற்றுமதி ஓங்கிய காலத்தில் தறிகளில் சிறுவர் சிறுமியரும் உட்கார்த்தப்பட்டனர். நுண்ணிய முடிச்சுக்குச் சிறு விரலே ஏற்றது என்ற சாக்கும் கம்பள வியாபாரத்தில் வழங்கிற்று. இக்கொடுமையை எதிர்த்துக் கைலாஷ் சத்யார்த்தி முதலானோர் பாடுபட்டதன் பயனாக 1994-இல் 'ரக்மார்க்' என்ற முத்திரை தோன்றியது. குழந்தைகளின் உழைப்பின்றி நெய்ததா என்று கேட்டு வாங்கும் வழக்கமும் உண்டாயிற்று. பொருளைப் புகழ்வது எளிது. அது யாருடைய கை என்று கேட்பதன்றோ அறம்?

பேராக் தமிழராகிய நமக்கு இது தூரத்துக் கதை அன்று. 1877-இல் கோலாகங்சாரில் நட்ட கன்றுகள் இந்நாட்டு ரப்பருக்கு ஆதிக் கன்றுகளைச் சேர்ந்தவை. அதன் பின் தழைத்த தோட்டங்களில், விடியுமுன் எழுந்து, மரத்துக்குக் காயம் நேராதபடி உளியால் பட்டையை மெல்லச் சீவிய தமிழ்க் கைகளின் திறம், முடிச்சுப் போடும் கையின் திறத்துக்குக் குறைந்ததா? ஆயினும் ரப்பரைக் கைவேலை என்று கொண்டாடினவர் யார்? செக்ரோலில் ஆளின் பெயரும் வேலை செய்த நாளும் ஏறின. கைத்திறம் ஏறுவதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. ஆகவே, பெருமை கையைக் கண்டு தரப்படுவதன்று. வாங்குவோனுடைய ஆசையைக் கண்டு தரப்படுவது என்பது தெளிவு.

ஆகையால் கைவேலைக்கு மெய்யான மதிப்பு மூன்று கேள்விகளில் அடங்கும். கூலி வயிற்றுக்குப் போதுமா? தொழிலாளியின் பிள்ளை பள்ளியில் இருக்கிறதா? விரும்பினால் வேலையை விட்டுப் போக அவனுக்கு இயலுமா?

இன்று அந்த ரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. குலை அறுக்கும் கைகளோ பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய அயல்நாட்டாருடையவை. நம் பாட்டனாரைப் பற்றி ஒருவரும் கேளாத கேள்விகளை இவர்களைப் பற்றி நாம் கேட்கிறோமா? கேட்டால்தான் பழைய அநீதியைப் பேசும் உரிமை நமக்கு உண்டு.