விழுந்த தென்னை

தோல்வி ஒரு பாடம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வெறுமனே விழுவது யாருக்கும் எதையும் கற்றுத் தருவதில்லை. விழுந்த இடத்தைக் குனிந்து பார்ப்பவருக்குக் கொஞ்சம் புரிகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்தவை பல. குருத்து திருகி, நின்றபடியே பட்டுப்போன மரங்களும் உண்டு. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் பிடிக்கும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு அது சின்னக் கணக்கல்ல. ஆனாலும் விவசாயிகள் குழி வெட்டிக் கன்று வைத்தார்கள். மரம் காய்க்கும்வரை வயிறு காத்திருக்காதே! நடுவே உளுந்தும் கடலையும் விதைத்தார்கள். தென்னை ஒன்றையே நம்பியிருந்த பழக்கம் சிலரிடம் தளர்ந்தது.

‘தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்’ என்பார்கள். பனை வைத்தவனை ஏமாளி என்று நினைக்க வேண்டாம். யாருக்காக வைக்கிறோம் என்று தெரிந்தேதான் அவன் மண்ணைத் தோண்டினான். மன உறுதி பிறவியிலேயே வரும் குணம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் அது கையில் இருக்கும் வேலையிலிருந்து வருகிறது. விடிந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டிய கன்று ஒன்று இருப்பவர், எத்தனை துக்கம் இருந்தாலும் வாளியைத் தூக்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.