முன் சக்கரத்தின் கறை

உதகையிலிருந்து குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக மலை இறங்கி, கோவையையும் பல்லடத்தையும் கடந்து காங்கேயம் வந்து சேர்ந்தேன். தம்பி வீட்டுக்குப் போகுமுன் காரைக் கழுவிக்கொள்ளலாம் என்று, கொப்பரை காயும் களத்துக்கு எதிரே இருந்த ஒரு 'வாட்டர் சர்வீஸ்' கடையில் நிறுத்தினேன். வண்டி வெள்ளை நிறம். ஆனால் முன் சக்கரங்கள் இரண்டும் கரிபிடித்த அடுப்பைப்போல் இருந்தன. பின் சக்கரங்களில் அவ்வளவு இல்லை.

"முன்னால் மட்டும் ஏனப்பா இப்படி?" என்று கேட்டேன்.

"வண்டியைப் புடிச்சு நிறுத்தினது அதுதானுங்களே! அழுக்கும் அதுக்குத்தானுங்க" என்றான் அந்த இளைஞன்.

உண்மைதான். பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. முன் பிரேக்குகளுக்கே வேலை அதிகம். பிரேக் கட்டை இரும்புத் தட்டை அழுத்த, வேகம் வெப்பமாகிறது. இரண்டும் தேய்ந்து பொடி உதிர்கிறது. சூடான இரும்புத் துகள் சக்கரத்தின் மேல்பூச்சில் பதிந்து, ஈரம் பட்டதும் துருவாகி ஊன்றிக்கொள்கிறது.

"ஆசிட் ஊற்றினால் உடனே போய்விடாதா?"

"போயிருமுங்க. கூடவே மேல்பூச்சும் போயிரும்."

அவன் அவசரப்படவில்லை. சக்கரம் ஆறும்வரை காத்திருந்தான். பொடி பறந்து மூக்கில் ஏறாதபடி முதலில் நீரால் நனைத்தான். சோப்பு நீரில் மெல்லிய தூரிகையால் தேய்த்தான். அப்படியும் போகாத இடங்களில் ஒரு மருந்தைத் தெளித்தான். அது இரும்பைத் தொட்டதும் கத்தரிப்பூ நிறமாக வழிந்தது. காய்வதற்குள் அலசிவிட்டான். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி வண்டியின் உடம்பில் பட்டால் கீறிவிடுமாம்.

"மாசம் ரெண்டு தடவை கழுவினா வெறும் சோப்புத் தண்ணியே போதுமுங்க. நாள் விட்டாத்தான் மருந்து."

எனக்குச் சுருக்கென்றது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பி, பூர்வீகக் காட்டை அடமானம் வைத்து ஓர் அரிசி ஆலையை வாங்க முனைந்தான். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அந்த ஆலை பின்னர் நட்டத்தில் மூடப்பட்டது. நான் தடுத்தது சரி. ஆனால் தடுத்தபோது, அவன் மனைவியின் எதிரிலேயே, "உனக்குக் கணக்குத் தெரியாது" என்று சொன்னேனே, அது சரியா?

குடும்பத்தில் தடுக்கிறவர்கள் மீதுதான் கறை படிகிறது. எதற்கும் 'ஆகட்டும்' என்று தலையாட்டும் மாமா எப்போதும் நல்லவராகவே இருப்பார். அவர் வண்டியை நிறுத்தியதே இல்லை. ஆகவே நம்மிற் சிலர் இந்தக் கறையைப் பதக்கமாக அணிந்துகொள்கிறோம். 'நல்லதற்குத்தானே கண்டித்தேன்' என்கிறோம். கடமையைச் செய்ததற்கு அது சாட்சியாகலாம். ஆனால் சாட்சி என்பதற்காக விட்டுவைத்தால் அது சக்கரத்தையே அல்லவா அரிக்கும்?

2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய வாகன விதி, புகைக்கு மட்டுமின்றிப் பிரேக்கிலிருந்து உதிரும் துகளுக்கும் முதன்முறையாக வரம்பு வகுத்தது. பிரேக் வேண்டாம் என்று அதைச் செய்தவர்கள் சொல்லவில்லை. உயிரைக் காக்கும் பொருளும் தான் உதிர்க்கும் தூசிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். மனிதருக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். தடுத்தது சரியாயிருப்பதால், தடுத்தபோது உதிர்ந்த சொல்லும் சரியாகிவிடாது. அன்றைக்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சோப்பு நீர் போதும். எட்டு ஆண்டுகள் விட்டுவிட்டேன். இனி ஒரேயடியாகக் காலில் விழுந்து அழுது தீர்ப்பதும் ஆசிட்தான். அது அவனைக் கூச வைக்குமே தவிர, ஆற்றாது.

அன்றிரவு, சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில், அவன் மனைவியும் இருக்கையிலேயே சொன்னேன்: "தம்பி, அன்றைக்கு மறுத்ததற்கு நான் வருந்தவில்லை. ஆனால் கணக்குத் தெரியாது என்றேனே, அது தப்பு."

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அதை இப்ப எதுக்குங்கண்ணா எடுக்கறீங்க?" என்றான். குரலில் கொஞ்சம் துரு இருந்தது.

இருக்கட்டும். அடுத்த மாதமும் காங்கேயம் போவதாக இருக்கிறேன்.