இரண்டு பத்திகளில் ஓர் உடன்படிக்கை

ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாதபோது அதை யார் பராமரிப்பது? காணி உறுதியோடு தலைமுறை தலைமுறையாக வேலிக்கு வழக்காடிய ஊர்களிலிருந்து வந்த நமக்கு இக்கேள்வி புதிதல்ல. வழக்கு முடியும்வரை காணி பற்றை பிடித்துக் கிடக்கும் என்பதும் தெரியும்.

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுகளில் வேறொரு வழி பிறந்தது. 1985இல், லயல் தீவில் மரம் வெட்டுவோரின் பாதையை ஹைடா மக்கள் மறித்தார்கள். முதியோர் உட்பட 72 பேர் கைதானார்கள். இரண்டு ஆண்டுகளில், தீவுகளின் தென்பகுதியில் மரம் வெட்டுவதை நிறுத்த மத்திய, மாகாண அரசுகள் இணங்கின. காடு யாருடையது என்பதில் மட்டும் இணக்கம் வரவில்லை.

1993இல் கையெழுத்தான குவாய் ஹானாஸ் உடன்படிக்கை அந்தப் பிணக்கை மறைக்கவில்லை. இது எங்கள் நிலம் என்று ஹைடாக்கள் சொல்வதும், முடிக்குரிய நிலம் என்று கனடா சொல்வதும் அருகருகே இரண்டு பத்திகளாக அதில் உள்ளன. இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் கொண்ட சபையொன்று அக்காட்டைப் பராமரிக்கிறது. ஒரு தரப்பு மற்றதை வாக்கால் தோற்கடிக்க முடியாது. இணக்கம் காணும்வரை பேசவேண்டும்.

இது கேள்வியைத் தள்ளிப்போடும் தந்திரம் அல்லவா? நியாயமான ஐயம்தான். "பிறகு பார்ப்போம்" என்பதால் ஆதாயம் பெறுபவர் பெரும்பாலும் பலமுள்ளவரே. அந்தச் சொல்லில் கரைந்துபோன உரிமைகளை நாமும் அறிவோம்.

ஆனால் உரிமையைப் பேசாமல் விடுவது வேறு, எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது வேறு. ஹைடாக்கள் இரண்டாவதைச் செய்தார்கள். பல நூறு ஆண்டு வளர்ந்த சிடார் மரம் வழக்கு முடியும்வரை வெட்டுப்படாமல் காத்திருக்காது. எழுதிவைத்த உரிமை காத்திருக்கும். 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு அத்தீவுகள் மீதான ஹைடா உரித்தை முறைப்படி ஏற்றது.

ஆகவே, சேர்ந்து காப்பதற்கு முதலில் ஒத்த கருத்து வேண்டியதில்லை. சமமான இருக்கையும், கருத்து வேறுபாட்டை ஒளிக்காத நேர்மையும் வேண்டும். சம இருக்கை இல்லாத கூட்டுறவு வெறும் உபசாரம்.

கனடாவில் நம்மில் பலர் வீடு வாங்கியிருக்கிறோம். அந்த உறுதிகளில் ஒரு பத்தி மட்டுமே உண்டு. மற்றப் பத்தியில் என்ன எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று கேட்பது, நிலம் இழப்பதன் வலி தெரிந்த நமக்குக் கூடுதலான கடமை.